நாலு மூலையில் மஞ்சள்

"வித்துட்டேனா? நானா?"

நல்லம்மாள் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கையை ஓங்கி அடித்தார். முழங்காலுக்குக் கீழே இல்லாத இடது கால் அந்த அதிர்வில் ஒரு முறை துள்ளி அடங்கியது.

"ஒத்தக் காலோட இருக்கறவ வீல்சேர வித்துட்டு எதுல போவேன்? பறந்தா?"

துப்பறிவாளர் ஜெரால்டின் அந்தக் குரலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். காப்புறுதி நிறுவனத்தில் பல வருடங்கள் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே சொந்தமாக அலுவலகம் வைத்திருப்பவர். பொய் சொல்பவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள் என்பது அவர் அனுபவம். இந்தக் குரல் கிள்ளானின் அந்த அடுக்குமாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

"பாஸ், எதுத்த புளோக்ல இருக்கறவங்ககிட்ட நாம தனியா விசாரிக்க வேணாம்" என்றான் உதவியாளன் சுகுமாறன். "எல்லாரும் கேட்டுட்டாங்க."

"வாய மூடு, சுகு."

விஷயம் இதுதான். ஒளிக்கரை நற்பணி இயக்கம் நல்லம்மாளுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்ததாகப் படம் வெளியிட்டிருந்தது. இயக்கத்தின் சக்கர நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் நன்கொடை கொடுத்த ஜவுளிக்கடை முதலாளி புஷ்பவல்லி போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் இந்த வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலி இல்லை. கேட்டதற்கு, இயக்கத்தின் தலைவர் இராமலிங்கம், "ஒரு தொண்டூழியரோட சேந்து வித்துத் தின்னுட்டாங்க" என்றார். எங்கே, யாரிடம் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார் புஷ்பவல்லி. தலைவர் நேராக ஜெரால்டினிடம் வந்து, "இது ஒரு சேவையா நெனச்சு செஞ்சு கொடுங்க" என்று வேலையை ஒப்படைத்தார். சேவை என்றால் இலவசம் என்று அர்த்தம்.

அதோடு நிற்கவில்லை. தண்டனையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில ரத்தம் கழுவப் போகணும்" என்றார் நல்லம்மாள். "அவங்க வேன்லதான் போவேன். இனிமே வேன் வராதுன்னு நேத்து போன் போட்டுச் சொல்லிட்டாங்க. திருடிக்கு வேன் கிடையாதாம்."

சிறுநீரகம் நின்றுபோன உடம்பில், குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லை. அது முதலில் முகத்தில் வீங்கும், பிறகு நுரையீரலில் தேங்கும். ஒரு முறை இயந்திரத்துக்குப் போகத் தவறினாலே படுத்து மூச்சுவிட முடியாது. வேனை நிறுத்துவது என்றால் ஒரு மனுஷியின் மூச்சை நிறுத்துவது. அதைத் தொலைபேசியில் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்கள்.

"வீல்சேர் கொண்டாந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு ஆன்டி? முதல்லேருந்து சொல்லுங்க."

"பிளாஸ்டிக் பிரிக்காம புத்தம் புதுசா வந்துச்சு. வாணின்னு ஒரு பொண்ணு, தொண்டூழியர், அதுதான் பிரிச்சுச்சு. புது வண்டி வீட்டுக்கு வந்தா சும்மா ஏறி உக்காரலாமா? மஞ்சள் கொழச்சேன். தலைவர் பேரு போட்ட ஸ்டிக்கர் ஒண்ணு பக்கத்துல ஒட்டியிருந்துச்சு. அதுல நாலு மூலையிலயும் தடவி, நடுவுல குங்குமம் வச்சேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி."

"தலைவர் சந்தோஷப்பட்டிருப்பாரே" என்றான் சுகுமாறன்.

"எங்க? குங்குமம் அவர் பேர மறைக்குதாம். டிஷ்யூவ எடுத்துத் தொடச்சுட்டாரு. எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கலாம்னேன், டயர் அழுக்காயிரும்னு சொல்லிட்டாரு. அந்தப் பழம் இன்னும் சாமி மேடையிலதான் இருக்கு, பாருங்க, காஞ்சு போயி. படம் புடிச்சாங்க. அப்புறம் வாணி வந்து, 'ஆன்டி, நட்டு டைட் பண்ணணும், ஒரு வாரத்துல கொண்டாந்துருவோம்'னு தள்ளிட்டுப் போயிருச்சு. அவ்வளவுதான்."

"எடுத்துட்டுப் போனது வாணியா? நிச்சயமா?"

"இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். கால்தான் போச்சு, கண்ணு இருக்கு."

*

இயக்கத்தின் கிள்ளான் கிடங்கில் ஏழை வீடுகளுக்கு மளிகைப் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை பார்க்கவே அழகாக இருந்தது. நீண்ட மேசை; ஒரு முனையிலிருந்து காலிப் பை நகர்ந்து வரும். முதல் ஆள் அரிசி போடுவார், ஏனென்றால் கனமானது அடியில் இருக்க வேண்டும். அடுத்தவர் உருளைக்கிழங்கு, அதற்கடுத்தவர் எண்ணெய். முட்டை வைப்பவர்தான் கடைசி. அவர்தான் பையின் வாயையும் கட்டுவார், உள்ளே எது உடையும் என்று அவருக்குத்தான் தெரியும். யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. அலுவலக ஊழியர், ஆசிரியர், கிராப் வாடகைக் கார் ஓட்டுநர் என்று பத்துத் தொழில் செய்பவர்கள் தங்கள் விடுமுறை நாளைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்திருந்தார்கள்.

முட்டை வைத்துக்கொண்டிருந்தவள்தான் வாணி. வங்கியில் வேலை, வயது முப்பதுக்குள். நல்லம்மாள் பெயரைச் சொன்னதும் கை நின்றது.

"நான் எடுத்துட்டு வந்தேன், இல்லன்னு சொல்லல" என்றாள். "நட்டு லூசா இருக்கு, ஆபத்துன்னு தலைவர் சொன்னாரு. இயக்கத்தோட பிரிக்பீல்ட்ஸ் ஸ்டோர்ல விட்டேன். சாவி அவர்கிட்டதான். ரிப்பேர் முடிஞ்சு திருப்பிக் கொடுத்தாச்சுன்னு அப்புறம் அவரே சொன்னாரு."

"அவரு அப்படிச் சொல்லலையே. அந்தம்மா வித்துட்டாங்கன்னு இல்ல சொல்றாரு? உன் பேரையும் சேத்துத்தான். நீ கூட்டாம்."

வாணியின் கையிலிருந்த முட்டை உடைந்தது.

"நானா? ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்க நிக்கறேன், மேடம். என் அம்மாவே கேக்கறாங்க, எங்கள விட அந்த வேன் உனக்கு முக்கியமான்னு. நான் வித்தேனா?"

அழுகை வரும் என்று சுகுமாறன் எதிர்பார்த்தான். வரவில்லை. வாணி முட்டை வழிந்த கையைத் துணியில் அழுத்தித் துடைத்தாள், தோல் உரிவது போல.

சுகுமாறன் இதற்குள் கைப்பேசியில் இயக்கத்தின் பேஸ்புக் படங்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான்.

"பாஸ், நம்ம தலைவர் எல்லாப் படத்துலயும் ஒரே சிரிப்பு. சிரிச்சத ஒரு தடவ எடுத்து மத்ததுல ஒட்டிட்டாங்களோ என்னமோ."

நற்பணிப் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. வாங்குபவர் உட்கார்ந்திருக்க வேண்டும், கொடுப்பவர் நிற்க வேண்டும். கொடுப்பவரின் கை பொருளின் மேல் இருக்க வேண்டும், கண் கேமராவின் மேல். முக்கியமாக, பெயர் விழ வேண்டும். சக்கர நாற்காலியின் முதுகில் பெயரை ஒட்டினால் படத்தில் தெரியாது. ஆகவே கை வைக்கும் இடத்துக்குக் கீழே, உடுத்திய துணி சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற பக்கத் தகட்டில் ஒட்டுவார்கள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினால் போதும். உட்கார்ந்திருப்பவரின் முகத்தை விடப் பெயர் பெரிதாக விழும்.

"இத பாருங்க" என்றான் சுகுமாறன். குரலில் விளையாட்டு போயிருந்தது.

பூச்சோங்கில் எடுத்த படம். நல்லம்மாள் வீட்டுப் படத்துக்கு அடுத்த வாரம் போட்டது. நாற்காலியில் ஒரு வயதான அம்மா. பின்சுவரில் மாதா படம், ஜெபமாலை. கைப்பிடியைப் பிடித்தபடி வாணி. பக்கத் தகட்டில் வெள்ளை ஸ்டிக்கர். அதை இரண்டு விரலால் பெரிதாக்கினான். நாலு மூலையிலும் மஞ்சள் தீற்றல்.

"பாஸ், என் மைவி கார் வாங்கினப்ப எங்கம்மா இதே மாதிரிதான் நம்பர் பிளேட்டுக்குத் தடவுனாங்க. எனக்கு ஒரு சந்தேகம். மாதா படத்துக்குக் கீழ உக்காந்து யாரு வண்டிக்கு மஞ்சள் வைப்பாங்க? உங்க வீட்ல வைப்பாங்களா?"

"எங்க வீட்ல ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிப்பாரு" என்றார் ஜெரால்டின். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்த கத்தோலிக்கர் அவர். மெதுவாக வாணியின் பக்கம் திரும்பினார். "இது நல்லம்மாளோட வீல்சேர். தள்ளிட்டுப் போனது நீ. இன்னொரு வீட்ல கொண்டுபோயி விட்டதும் நீ. படத்துலயே இருக்க."

"இல்ல மேடம், அது வேற, புதுசு! பிளாஸ்டிக் கவர நான்தான் பிரிச்சேன்!"

"அத அந்தப் பூச்சோங் அம்மா சொல்லட்டும்."

காரில் ஏறும்போது சுகுமாறன், "கேஸ் முடிஞ்சுது பாஸ். கடைசில முட்டை வைக்கிற பொண்ணே இப்படின்னா யார நம்பறது?" என்றான். ஜெரால்டின் கார்க் கதவை அறைந்து சாத்தினார். கோபத்தில் இருந்தார். ஆனால் யார் மேல் என்று அவருக்கே இன்னும் தெளிவாகவில்லை.

*

பூச்சோங் வீட்டில், படத்தில் இருந்த அந்த அம்மா, மகதலேனா, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து கதவைத் திறந்தார்.

ஜெரால்டின் அந்தக் கைகளைப் பார்த்தார். சுவரில், இடுப்பு உயரத்தில், கை பட்டுப் பட்டுக் கறுத்த கோடு ஒன்று அறை முழுக்க ஓடியது.

"ஆன்டி, வீல்சேர் எங்க?"

"அத ஏம்மா கேக்கற? வந்த அன்னைக்கே, வாணின்னு வந்த பொண்ணு கெளம்பினதும், தலைவரே எடுத்துட்டுப் போயிட்டாரு. பிரேக்கு சரியில்லையாம்."

சுகுமாறன் கைப்பேசியில் அந்தப் படத்தை மறுபடி திறந்தான்.

"ஆன்டி, அந்த ஸ்டிக்கர்ல மஞ்சள் வச்சது யாரு?"

"நான் எதுக்கு வைக்கப் போறேன்? ஃபாதர வரச் சொல்லியிருந்தேன், ஜெபம் பண்ண. அவர் வர்றதுக்குள்ள வண்டி போயிருச்சு." மகதலேனா நாற்காலியில் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். "எனக்கும் அன்னைக்கே ஒரு மாதிரியா இருந்துச்சுப்பா. அந்தப் பொண்ணு எனக்கு முன்னாடிதான் பிளாஸ்டிக்கப் பிரிச்சுச்சு. உள்ள பாத்தா டயர் பள்ளத்துல மண்ணு. பிரிக்காத வண்டில மண்ணு எப்படி வரும்? கேக்கலாம்னு பாத்தேன். ஓசில கொடுக்கறாங்க, கேட்டா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

அங்கேதான் எல்லாம் தலைகீழானது.

ஒரு வீட்டிலிருந்து திருடி இன்னொரு வீட்டுக்கு விற்றிருந்தால், இரண்டாவது வீட்டில் நாற்காலி இருக்க வேண்டும். இல்லை. இங்கேயும் படம், இங்கேயும் பழுது, இங்கேயும் திரும்பாத பயணம். ஸ்டோருக்குப் போன நாற்காலிக்கு அங்கே யாரோ மறுபடி பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறார்கள். சாவி ஒருவரிடம்தான். வாணி ஒவ்வொரு முறையும் புதியது என்று நம்பி அதைப் பிரித்திருக்கிறாள்.

"சுகு, எந்த வீல்சேரும் காணாமப் போகல."

"என்ன பாஸ்?"

"மொத்தமே ஒண்ணுதான்டா இருக்கு. ஒரே ஒரு வீல்சேர். அது வீடு வீடாப் போயி படம் எடுத்துக்கிட்டு வருது."

சுகுமாறன் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தான். "அப்ப நம்மள வேலைக்கு வச்சது..."

"புஷ்பவல்லிகிட்ட காட்ட ஒரு திருடி வேணும். ஒத்தக் கால் கிழவியும் ஒரு தொண்டூழியரும் கெடச்சாங்க. ரிப்போர்ட்ல நம்ம கையெழுத்து மட்டும்தான் பாக்கி." ஜெரால்டின் கைப்பையை எடுத்தார். "இன்னைக்கு இயக்கத்தோட பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துல என்ன நிகழ்ச்சி?"

சுகுமாறன் கைப்பேசியைப் பார்த்தான். "சக்கர நாற்காலி வழங்கும் விழா. சிறப்பு விருந்தினர் புஷ்பவல்லி."

*

மண்டப வாசலில் சிறப்பு விருந்தினருக்கு ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தாம்பாளத்துத் தண்ணீரில் மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கினாள். வெளிர் மஞ்சள். பிறகு ஒரு சிறிய டப்பாவிலிருந்து விரலில் சுண்ணாம்பை எடுத்துக் கரைத்தாள். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

ஜெரால்டின் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, அந்த டப்பாவ கொஞ்சம் கொடும்மா. இப்பவே தந்துடறேன்."

மேடையில் பதாகை, மாலை, மைக். பதாகையில் இராமலிங்கத்தின் முகம் சுவர் அளவுக்கு இருந்தது. "சுல்தான்கிட்ட டத்தோ பட்டம் கெடைச்சா இன்னும் பெருசா அடிப்பாங்க, சுவர்தான் பத்தாது" என்று முணுமுணுத்தான் சுகுமாறன். நடுவே சக்கர நாற்காலி. அதில் கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த பெரியவர், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தொட்டால் உடைந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தார். பிரித்துப் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கையில் சுருட்டியபடி ஓரத்தில் வாணி. கிள்ளானிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், வந்திருக்கிறாள்.

"அட, நம்ம மேடம்!" இராமலிங்கம் மைக்கிலேயே வரவேற்றார். "கிள்ளான் வீல்சேர் விஷயமா இவங்கள நான்தான் விசாரிக்கச் சொன்னேன். நம்ம இயக்கத்துல எல்லாமே வெளிப்படை. மேடையிலயே சொல்லுங்க மேடம், கண்டுபுடிச்சாச்சா?"

"கண்டுபுடிச்சாச்சு."

"எங்க இருக்கு?"

"இங்க. இவரு உக்காந்திருக்கறது."

மண்டபத்தில் சலசலப்பு. இராமலிங்கத்தின் சிரிப்பு கலையவில்லை. பழகிய சிரிப்பு.

"ஒரே மாடல்லா, மேடம். எல்லாமே பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

"ஸ்டிக்கர் மூலையில மஞ்சளா இருக்கே?"

"மட்டமான பேப்பர். ஸ்டோர்ல வெயில் பட்டு மஞ்சளாயிருச்சு. இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

ஜெரால்டின் நாற்காலியின் பக்கத்தில் குனிந்தார். "வெயில்ல பழுத்த மஞ்சளா, அம்மியில அரைச்ச மஞ்சளா, பாத்துருவோம்" என்றார். டப்பாவைத் திறந்து, சுண்ணாம்பை விரலில் எடுத்து, ஸ்டிக்கரின் முதல் மூலையில் தடவினார்.

மூலை சிவந்தது.

இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. ஒவ்வொரு முறையும் முன்வரிசையிலிருந்த பெண்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வாசலில் கரைத்த தாம்பாளம் இன்னும் அங்கேயே இருந்தது.

"இது நல்லம்மாள் வச்ச மஞ்சள்" என்றார் ஜெரால்டின். மைக் தேவைப்படாத குரல். "குங்குமத்தத் தொடச்சீங்க, ஏன்னா அது உங்க பேரு மேல இருந்துச்சு. மூலைய நீங்க பாக்கவே இல்ல. அங்க உங்க பேரு இல்லையே! இதே வீல்சேர பூச்சோங்குல ஒரு அம்மாவுக்குக் காட்டிப் படம் எடுத்தீங்க. அவங்க இப்ப சுவரப் புடிச்சுக்கிட்டு நடக்கறாங்க. உக்கார வச்சு, படம் எடுத்து, எழுப்பி விட்டுட்டு வந்திருக்கீங்க. அதையும் தாங்கிக்கலாம். நல்லம்மாள திருடின்னு சொல்லி, ரத்தம் கழுவப் போற வேனையும் நிறுத்தினீங்களே, அதுக்கு என்ன சுண்ணாம்பு தடவறது?"

நாற்காலியிலிருந்த பெரியவர் இரண்டு கையையும் ஊன்றி எழ முயன்றார். முகம் அவமானத்தில் சுருங்கியிருந்தது. "எனக்குத் தெரியாதும்மா... நான் எந்திரிச்சுக்கறேன்..."

"நீங்க உக்காருங்க ஐயா. எறங்க வேண்டியது வேற ஆளு."

புஷ்பவல்லி முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைப் படியில் ஏறினார். பருத்த உடம்பு, ஒவ்வொரு படியாக ஏறினார். யாரும் கைகொடுக்கத் துணியவில்லை.

"தலைவரே, மத்த வீல்சேருங்க எங்கன்னு நீங்க எனக்குச் சொல்ல வேணாம். போலீஸ்ல சொல்லுங்க. அந்த டயாலிசிஸ் வேன் யாரு வாங்கிக் கொடுத்தது?"

"நீங்கதாங்க, ஆனா..."

"சாவி."

இராமலிங்கம் மண்டபத்தைப் பார்த்தார். எந்தப் பக்கமும் கேமரா இல்லை. போட்டோகிராபர் அதைக் கீழே இறக்கிவிட்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். புஷ்பவல்லியிடம் நீட்டப் போனவருக்குக் குறுக்கே ஒரு கை வந்தது. வாணியின் கை. பிளாஸ்டிக் உறை அவள் காலடியில் கிடந்தது.

"நாளைக்குக் காலையில நான்தான் ஓட்டறேன்" என்றாள். "மகதலேனா ஆன்டி வீட்டுக்கும் போறேன். மன்னிப்புக் கேக்கணும். பிளாஸ்டிக்க பிரிச்சது என் கைதான்."

சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

*

வாசலில் நின்று ஜெரால்டின் கிள்ளானுக்குப் போன் போட்டார். நல்லம்மாளின் குரல் ஸ்பீக்கர் போடாமலேயே சுகுமாறனுக்குக் கேட்டது.

"வேன் வருதா?"

"வருது ஆன்டி. வாணி ஓட்டிட்டு வரும்."

"என் வீல்சேரு?"

ஜெரால்டின் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "அதுல இப்ப ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. அவருக்கும் நடக்க முடியாது. எழுப்ப மனசு வரல. உங்களுக்கும், உங்கள மாதிரியே ஏமாந்த பூச்சோங் அம்மாவுக்கும் வேற வருதுன்னு புஷ்பவல்லி சொல்றாங்க. வந்து நிக்கற வரைக்கும் நான் விட மாட்டேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு பழைய அதட்டல்.

"எழுப்பாத. இருக்கட்டும். ஆனா அந்த வண்டிக்குப் பூசை பாதில நிக்குது. எலுமிச்சம்பழம் நசுக்கல. அந்தத் தடிப்பய விடல. பழம் நசுக்காம அவர வெளிய தள்ளிட்டுப் போகாதீங்க, சொல்லிட்டேன்."

சுகுமாறன் ஆரத்தி மேசைக்குப் போனான். விருந்தினருக்குக் கொடுக்க வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை எடுத்துவந்து, மேடையிலிருந்து இறக்கி மண்டப வாசலுக்குக் கொண்டுவந்திருந்த நாற்காலியின் வலது சக்கரத்துக்கு முன்னால் வைத்தான். தள்ளக் கைப்பிடியைப் பிடித்தவனைப் பெரியவர் தடுத்தார். தன் இரண்டு கைகளாலும் சக்கரத்தின் வளையத்தைப் பிடித்தார். முதல் முறையாக அதைத் தன் பொருளைப் போலத் தொட்டார்.

போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் கேமராவைத் தூக்கினார்.

"கீழ போடு" என்றார் ஜெரால்டின்.

கேமரா இறங்கியது. பழம் நசுங்கியது.